எழுத்து அழியவில்லை

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் தழைத்து நின்ற மரம் அது என்பர் நிலவியலார். 18 மீட்டர் நீளமுள்ள அதனை 1940ஆம் ஆண்டில் எம்.எஸ். கிருஷ்ணன் என்னும் நிலவியல் அறிஞர் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். முதலாண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது என் வழக்கம். மரத்தின் உடம்பு முழுவதும் கல்லாகிவிட்டது. ஆயினும் பார்ப்பவர் எவரும் அதனைக் கல் என்று சொல்வதில்லை. மரம் என்றே சொல்கின்றனர். பொருள் மாறியும் உருவம் நிலைத்த விந்தை அது.

இதற்கு நேர்மாறான விந்தை ஒன்றும் உண்டு. உருவம் முற்றிலும் மாறிப்போக, உள்ளிருக்கும் பொருள் மட்டும் அணுவளவும் குன்றாது காத்திருப்பது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழைப் பயின்றும் பயிற்றுவித்தும் வரும் எனக்கு அதனைக் கற்பித்தவன் என் அக்கா மகன். கற்பித்த பாடநூலோ ஜப்பானிலிருந்து வந்த ஒரு கணினிக் கதை.

அக்கா வாழ்க்கைப்பட்டது அரியலூரில். அவர் மகன் பொறியியல் இறுதியாண்டு மாணவன். நம் பகுதிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பொருள் தேடிச் சென்றவர்கள். இவனுடைய கண்ணோ ஜப்பான் மீது. சென்னையில் ஆண்டுக்கு இருமுறை, சூலையிலும் திசம்பரிலும் நடைபெறும் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் நான்காம் நிலையைத் தேறியிருக்கிறான். அந்நாட்டில் பணிபுரியும் நண்பர் ஒருவர் பழைய கடையில் வாங்கி அனுப்பிய கதைக் குறுந்தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, சென்ற கோடை விடுமுறையில் பெரம்பலூரில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்தான். அவனுடைய மடிக்கணினியில் குறுந்தட்டு இடுவதற்கு வாயில் இல்லை. என் பழைய கணினியில் உண்டு.

"படிக்கிற பிள்ளைக்கு இந்த விளையாட்டெல்லாம் எதற்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"மாமு, இது விளையாட்டு இல்லை. புத்தகம். தட்டித் தட்டிப் படிக்கிற புத்தகம்" என்றான்.

அவன் சொன்னது மெய்தான் என்பதைப் பிறகு அறிந்தேன். 'காட்சிப் புதினம்' என்று அதற்குப் பெயர். திரையில் எழுத்து ஓடும், பின்னே ஓவியம் நிற்கும், இசை ஒலிக்கும், பாத்திரங்கள் பேசுவதும் உண்டு. கதை ஓரிடத்தில் வந்து நின்று, 'இனி என்ன செய்யலாம்?' என்று படிப்பவரையே கேட்கும். அவர் தேர்ந்த வழியில் கதை பிரிந்து செல்லும். 1992இல் வெளிவந்த 'ஒட்டோகிரிசோ', 1994இல் வெளிவந்த 'கமைதச்சி நோ யோரு' ஆகியவை இவ்வகையை அந்நாட்டில் புகழ்பெறச் செய்தன. குடும்பப் பாசத்தைப் பேசும் 'கிளானட்' 2004இல் கணினிக்கென்றே வெளிவந்தது. இவ்வகைக் கதைகள் எல்லாம் இளையோர் படிக்கத் தக்கவை அல்ல, தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆனால் ஒரு மொழியின் பேச்சையும் எழுத்தையும் ஒருங்கே கற்க விரும்பும் மாணவனுக்கு நல்ல கதையொன்று நல்ல ஆசானாகவே அமைகிறது.

ஆசான் வந்துவிட்டார், வாய் திறக்கவில்லை. குறுந்தட்டை இட்டதும் திரையில் தோன்றியது ஜப்பானிய எழுத்து அன்று. தலையில் கொம்பு முளைத்த இலத்தீன் எழுத்துகளும், வினாக்குறிகளும், வெற்றுக் கட்டங்களுமாக ஒரு குப்பைமேடு. "தட்டு கெட்டுவிட்டது, தூக்கிப் போடு" என்றேன் நான். அவன் சிரித்தான். "இதற்கு ஜப்பான்காரர்கள் மொஜிபாகே என்று பெயர் வைத்திருக்கிறார்கள் மாமு. மொஜி என்றால் எழுத்து. பாகே என்றால் வேறு உரு எடுப்பது" என்றான்.

பிறகு அவன் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நம் மாணவர் சிலருக்கேனும் பயன்படும். விண்டோஸ் அமைப்பில் வட்டார அமைப்புகளுக்குள் நிருவாகப் பகுதிக்குச் சென்று, ஒருங்குறி அறியாத பழைய நிரல்களுக்கான மொழியை ஜப்பானியம் என மாற்றினான். உலக மொழிகள் அனைத்திற்கும் யூடிஎஃப்-8 பயன்படுத்துக என்னும் கட்டத்தில் குறியிருந்தால் அதனை நீக்கிவிட வேண்டும் என்றான். அது இருந்தால் பழைய கதைகள் மீண்டும் குழம்பும். கணினியை அணைத்து மீண்டும் தொடங்கினான். குப்பைமேடு மறைந்து, அழகிய ஜப்பானிய எழுத்துகள் வரிசையாக நின்றன. சில எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கதை கேட்ட எழுத்துரு கணினியில் இல்லாமையே காரணம். ஜப்பானியத் துணை எழுத்துருக்களை நிறுவியதும் அதுவும் நேரானது. கோப்புகளின் முகவரிகளில் சாய்கோடு இருந்த இடமெல்லாம் யென் நாணயக் குறி தோன்றிற்று. "அஞ்ச வேண்டாம் மாமு, அவர்கள் அட்டவணையில் அந்த எண்ணுக்கு அதுதான் உருவம்" என்றான்.

அதன் பின்னரும் கதை தொடங்கவில்லை. கோப்பைக் காணவில்லை என்று கூறி நின்றது. நெடுநேரம் ஆராய்ந்த பின் அவன் சற்றே தயங்கிச் சொன்னான்: "மாமு, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களே, அதுதான் தடை."

என் கணினியில் பயனர் பெயரை நான் தமிழில்தான் எழுதி வைத்திருந்தேன். தமிழாசிரியனின் சிறு பெருமிதம் அது. கதையை அவன் நிறுவியிருந்த கோப்புறையின் முகவரியில் அப்பெயர் இடம்பெற்றிருந்தது. ஜப்பானியப் பழைய அட்டவணையில் தமிழ் எழுத்துக்கு இருக்கை கிடையாது. இருக்கை இல்லாத எழுத்துகளை வினாக்குறிகளாக மாற்றிக் கேட்டால் எந்தக் கோப்பு கிடைக்கும்? சுருக்கமான ஆங்கிலப் பெயருள்ள வேறொரு கோப்புறையை டி வட்டில் உண்டாக்கி, அங்கே மீண்டும் நிறுவினான். கதை ஓடியது. படித்து நிறுத்திய இடத்தைக் குறித்து வைப்பதிலும் அங்கே இடர் எழவில்லை. பழைய கதைகள் தாம் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே குறித்து வைக்கும் வழக்கமுடையவை. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் அவ்வாறு எழுதப் பிற்கால விண்டோஸ் எளிதில் இடம் தராது. இறுதியில் தொடக்கக் காட்சிப்படம் மட்டும் ஓடாமல் திரை கருத்து நின்றது. அப்பழைய படவகையை விரித்துக் காட்டும் சிறு நிரலை நிறுவியதும் அதுவும் ஒளி பெற்றது. பிள்ளை அன்றிரவு நெடுநேரம் படித்தான். நான் என் பெயர் புறக்கணிக்கப்பட்ட வருத்தத்தோடு உறங்கினேன்.

மறுநாள் காலையில் என் சினம் எல்லை மீறியது. பல ஆண்டுகளாக வினாத்தாள்களைத் தட்டச்சு செய்ய நான் பயன்படுத்தி வரும் பழைய தமிழ் நிரலைத் திறந்தேன். தமிழ் எழுத்துகளுக்கிடையே சீன எழுத்துகளைப் போன்றவை விரவிக் கிடந்தன. "என் வினாத்தாளையெல்லாம் அழித்துவிட்டாயே!" என்று இரைந்தேன். அம்மா சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தார். பிள்ளை பதறவில்லை. "எதுவும் அழியவில்லை மாமு. கொஞ்சம் உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு அவன் சொன்னதை என் சொற்களில் தருகிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. ஒரு பைட்டில் 256 எண்களுக்கே இடமுண்டு. ஜப்பானியர் 1978இல் வகுத்த தரத்தில் 6,349 கஞ்சி எழுத்துகள் இடம்பெற்றன. எனவே எழுத்து ஒன்றுக்கு இரண்டு பைட்டுகளை ஒதுக்கினர். அந்த வழியில் வந்த அட்டவணைக்கு விண்டோஸ் 932 என்று எண்ணிட்டது. அட்டவணையை மாற்றிவிட்டால், தனித்தனியே படிக்க வேண்டிய எண்களைக் கணினி இரண்டிரண்டாகச் சேர்த்துப் படிக்கும். என் தமிழ் வினாத்தாளில் ஜப்பானிய எழுத்து புகுந்த மாயம் இதுவே. எண்கள் இருந்தபடியே இருந்தன.

இதனைக் கேட்டபோது அக்காவின் புகுந்த வீட்டு முகவரி நினைவுக்கு வந்தது. 1995 வரை அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம். 2001இல் அரியலூர் மாவட்டம். 2002இல் மீண்டும் பெரம்பலூர். 2007இல் மறுபடியும் அரியலூர். வீடு ஓரடியும் நகரவில்லை. தலைப்புதான் மாறி மாறி வந்தது. அஞ்சல்காரர் ஊரறிந்தவர்; பழைய தலைப்போடு வந்த கடிதத்தையும் கொண்டுவந்து சேர்த்தார். கணினிக்கு அந்த அறிவு இல்லை. தலைப்பு தவறினால் வீட்டையே அது தவறாகக் காட்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வெள்ளாற்றங்கரை ஊரில் வாழ்ந்த என் நன்னியிடம் அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று இருந்தது. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் வகுத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற 19ஆம் நூற்றாண்டுப் பெரியோர் அம்முறையில் நூல்கள் யாத்தனர். மதரசாவில் ஓதிய எனக்கு அரபு எழுத்து தெரியும். வீட்டில் பேசிய தமிழும் தெரியும். ஆயினும் அந்தக் கிதாபைப் படிக்க எனக்கு இயலவில்லை. எந்தப் புள்ளிக்கு எந்த ஒலி என்னும் உடன்பாட்டை நான் அறியேன். நன்னி அறிந்திருந்தார். அவர் விரல் வைத்துப் படிக்கும்போது அதே பக்கம் தமிழாகப் பேசியது.

உடனே என் நெஞ்சில் ஒரு பழைய வலி எழுந்தது.

2004ஆம் ஆண்டில் எம்.ஃபில். பட்டத்திற்காக, லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் வட்டாரத்து முஸ்லிம் பெண்டிர் பாடிய தாலாட்டுகளைத் திரட்டினேன். என் நன்னியும் பாடித் தந்தவருள் ஒருவர். ஆய்வேட்டில் இடம்பெற்றவை போக எஞ்சிய 43 பாடல்களை, பின்னர் நூலாக்கலாம் என்று கருதி, ஓர் அச்சுக்கோப்பு நிலையத்தில் தட்டச்சு செய்து குறுந்தட்டில் வாங்கி வைத்தேன். கையேடுகளைக் கறையான் தின்றது. 2009இல் நன்னி மறைந்தார். பாடிய மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சென்றனர். அதன் பிறகு ஒருநாள் புதிய கணினியில் அக்கோப்பைத் திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை; பொருளற்ற ஆங்கில எழுத்துகளே பக்கம் பக்கமாக நின்றன. தட்டச்சு செய்தவர் வெளிநாடு சென்றுவிட்டார், நிலையமும் மூடப்பட்டிருந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். இழப்பை எவரிடமும் சொல்லவில்லை. காப்பாற்ற ஒப்படைத்ததைத் தொலைத்தவன் என்னும் நாணம் என்னை வாய்மூடச் செய்தது.

அந்தக் குறுந்தட்டைத் தேடி எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். நல்லவேளையாக அது திறந்துகொண்டது. ஜப்பானியத்திற்குச் செய்ததைப் போல மொழி அமைப்பை மாற்றினால் தீருமா என்று கேட்டேன். தீராது என்றான். ஜப்பானியத்திற்கு 932 என்று ஓர் அட்டவணையாவது இருந்தது. தமிழுக்கு விண்டோஸில் அத்தகைய தனி அட்டவணை அமைந்ததில்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் ஒருங்குறி வழியாகவே உள்ளே நுழைந்தது. அதற்கு முன் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வரிசையில் அமர்த்தினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பின் தமிழக அரசு டாப், டாம் என்னும் தரங்களை அறிவித்தது. இணைய ஆர்வலர்கள் டிஸ்கி வகுத்தனர். 2010இல் அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டவை எத்தனையோ முறைகளில் சிதறிக் கிடக்கின்றன. என் கோப்பில் எழுத்துருவின் பெயரும் இல்லை.

"மாமு, தாலாட்டில் அடிக்கடி வரும் சொல் எது?" என்று கேட்டான்.

"ஆராரோ."

கோப்பில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கூட்டத்தைத் தேடினான். பெரிய எம், சிறிய யூ, எச், பெரிய என், மீண்டும் யூ, எச். இந்த ஆறும் சேர்ந்து பாடலுக்குப் பாடல் வந்துகொண்டிருந்தன. நான் அவற்றையே நோக்கினேன். என்னையறியாமல் என் விரல்கள் மேசைமேல் அசைந்தன. இளமையில் பெரம்பலூர்த் தட்டச்சுப் பயிலகத்தில் 'யளனக' என்று அடித்துப் பழகிய விரல்கள் அவை. ஜே இருக்குமிடத்தில் தகரம். கே இருக்குமிடத்தில் மகரம். எச் இருக்குமிடத்தில் கால். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'ஆராரோ' என்று அடிப்பதாக எண்ணிக்கொண்டு கணினி விசைப்பலகையில் அடித்தேன். ஆகாரம், ரகரம், கால். பிறகு ஏகாரக் கொம்பு, ரகரம், கால். திரையில் எழுந்தவை அதே ஆறு எழுத்துகள்.

இருவரும் சற்றுநேரம் பேசவில்லை. தட்டச்சு விசைமுறையைப் பின்பற்றிய பாமினி வகை எழுத்துரு அது. அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். திறவுகோல் இத்தனை ஆண்டுகளாக என் விரல்நுனியிலேயே இருந்திருக்கிறது. கெட்டது என்று நான் தீர்ப்புக் கூறியதால் பூட்டைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

எழுத்துருமாற்றி நிரல் ஒன்றினால் அக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினோம். 43 பாடல்களும் வந்தன. கிரந்த எழுத்துகள் சில இடங்களில் பிழைபட்டன. அம்மாவை அழைத்து அருகில் அமர்த்தி ஒவ்வொன்றாகப் படித்தேன். நன்னியின் பாடலில் ஓரிடத்தில் நான் தடுமாறியபோது, அம்மா மெல்லிய குரலில் அவ்வடியைப் பாடி முடித்தார். இயந்திரம் தவறவிட்ட எழுத்து தாயின் நினைவில் இருந்தது. பாடியபின் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "பேரன் நல்லா இருக்கட்டும்" என்று பிள்ளையின் தலையை வருடினார்.

அன்று மாலை அவன் என் கணினியின் அமைப்பைப் பழைய நிலைக்கே மாற்றினான். லொகேல் எமுலேட்டர் என்னும் சிறு நிரலை நிறுவி, ஜப்பானியக் கதையை மட்டும் அதன் வழியே இயக்கினான். அக்கதைக்கு மட்டும் கணினி ஜப்பானாகத் தோன்றும். ஏனைய நிரல்கள் தத்தம் முறையில் இயங்கும். விருந்தாளிக்காக வீடு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஓர் அறையை அவருக்கு ஏற்றதாக அமைத்தால் போதும் என்பது எனக்கு விளங்கிற்று. வினாத்தாளும் வந்துவிட்டது. அவனைக் கடிந்து பேசியதற்காக நான் வருந்தினேன்.

அன்பு மாணவர்களே, உங்கள் வீட்டிலும் துறையிலும் பழைய கோப்புகள் இருக்கும். விளங்காத எழுத்தைக் கண்டதும் அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்பை மாற்றாமல் காத்து, படியெடுத்து அதில் முயலுங்கள். அடிக்கடி வரும் சொல்லைத் தேடுங்கள். அச்சிட்ட ஒரு பக்கம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், அதுவே திறவுகோல். இனி எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். மக்களிடம் திரட்டிய எதனையும் ஒரு படியேனும் தாளில் அச்சிட்டு வையுங்கள். பெரியோர்களே, உங்கள் நினைவில் உள்ள பாடல்களை இப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இயந்திரம் பிழைபடும் இடத்தில் நீங்களே மூலம்.

43 பாடல்களையும் அச்சிட்டு நம் துறை நூலகத்தில் ஒரு படி வைத்திருக்கிறேன். முதற்பக்கத்தில் பாடியோர் பெயர்களும், திரட்டிய ஆண்டும், எழுத்துருவின் பெயரும் உள்ளன. அடுத்த விடுமுறைக்கு அக்கா மகன் வருவான். அவன் படிக்கும் கதை என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். அவன் அதில் எந்த வழியைத் தேர்ந்தான் என்பதை அறிய எனக்கும் ஆவலாகவே இருக்கிறது.